சித்தப்பா அழுத படம்

இடைவேளைக்கு முன்பே சித்தப்பா அழத் தொடங்கிவிட்டார். முதலில் ஜலதோஷம் என்று நினைத்தேன். பிறகு அவர் தோள் குலுங்கி, எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் பொதுவான கைப்பிடி ஆடியது. அவருக்கு நாற்பத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். பதினாறாவது மாடி உயரத்தில் லிஃப்டுப் பெட்டியின் தலைமேல் நின்று கிரீஸ் தடவிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கக்கூடிய ஆள். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் ஒரு பழைய இரும்புச் சாவியை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாவி. எச்சில் கயிற்றின் வழியே இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. திரையில் ஒரு பெண் துடித்துக்கொண்டிருந்தாள். இவன் நடுநடுவே சாவியை வெளியே எடுத்து விசில் அடித்துவிட்டு, மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டான். அன்று அரங்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வந்திருந்தார்கள். போன வருடம்வரை என் கழுத்திலும் அப்படியொரு சாவி தொங்கியது.

ஏன் சாவி என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. ஒரு நீரேற்று நிலையம், அங்கே இரவுப் பணி பார்க்கும் ஆறு ஆட்கள், தொட்டிக்கு அடியிலிருந்து கேட்கும் ஏதோ ஒரு சத்தம். அவ்வளவுதான் கதை. ஒன்றும் விளங்கவில்லை என்று பதின்மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகுதான் அதற்கு ரசிகர்கள் உண்டானார்கள். சாதாரண ரசிகர்கள் இல்லை, பைத்தியங்கள். அந்த ஆறு பேரில் ஒருவன் ஃபோர்மேன். குட்டையாக, மூக்கால் பேசுவான். ஒவ்வொரு வாரமும் வேலையைத் தொடங்கும்முன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவான். "கதவைப் பூட்டிட்டியா? சரி. சாவியை முழுங்கிடு." டக்கென்று வைத்துவிடுவான். மறுமுனையில் இருக்கும் மனைவியின் குரல் ஒருநாளும் கேட்காது, முகமும் தெரியாது. பதின்மூன்று வாரம், பதின்மூன்று தடவை. அதில் என்ன சிரிப்பு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு வரும். சட்டையில் அச்சடித்தார்கள். சாவியைக் கழுத்தில் மாட்டினார்கள்.

எங்கள் ஊரில் அந்த ஃபோர்மேன் என்றால் சித்தப்பாதான். அவரும் குட்டை, மூக்கால் பேசினால் அச்சு அசல். ஒவ்வொரு வருடமும் ரசிகர்கள் கூடும்போது மஞ்சள் தொப்பியும் காக்கிச் சட்டையுமாக மேடையேறி, எங்கள் வீட்டுக்கு நிஜமாகவே போன் போட்டு, ஒலிபெருக்கியில் அந்த வசனத்தைச் சொல்வார். தொடரில் கேட்காத பதிலை எங்கள் சித்தி வீட்டிலிருந்து சொல்லுவாள். "முழுங்கிட்டேன். தண்ணியும் குடிச்சிட்டேன்." கூட்டம் குதிக்கும்.

அந்தப் பதிலைக் கண்டுபிடித்தது நான். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல் வந்துகொண்டிருந்ததால், படிப்புக் கெட வேண்டாம் என்று என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டார்கள். அவர்களுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. சித்தப்பா வேலை இடத்திலிருந்து வேடிக்கையாக அந்த வசனத்தைப் போனில் சொல்ல, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் முழித்த சித்தியின் காதில் நான்தான் ஓதினேன். அன்றைக்கு லிஃப்டுக் குழிக்குள் அவர் இறங்கியிருந்தபோது மேலே ஒரு கம்பிக்கயிறு நழுவி, பெட்டி அவர் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றுவிட்டது. தப்பித்துவிட்டார். அந்தப் பதிலால்தான் தப்பித்தோம் என்று அவருக்குள் எப்படியோ விழுந்துவிட்டது.

அதிலிருந்து குழிக்குள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் போன். ஒரு நாளைக்கு மூன்று கட்டிடம் என்றால் மூன்று போன். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். சித்தி எடுத்துப் பதில் சொன்னால்தான் இறங்குவார். ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. சித்தப்பா தரைத்தளத்தில் கருவிப்பெட்டி மேல் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி எட்டு மாடி ஏறினாள். கம்பெனியில் எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்தார்கள். அதை அவர் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். "என் பொண்டாட்டி குளிச்சா ஒரு கட்டிடமே மாடிப்படி ஏறும்." நானும் சிரித்திருக்கிறேன். சித்தி அதற்குப் பிறகு போனைக் குளியலறைக்குள் பாலித்தீன் உறையில் போட்டு எடுத்துப் போகத் தொடங்கினாள்.

அவளுக்கு இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று கண்ணாடிக் கடையில், இன்னொன்று ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்தில். இரண்டு இடத்திலும் வேலை நேரத்தில் போன் பேசக்கூடாது. இரண்டுக்கும் அவள் போகவில்லை. அப்போது அதை நான் யோசிக்கவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இனி படத்துக்கு வருகிறேன். தொடருக்கு முன்னால் நடந்த கதை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நீரேற்று நிலையத்தைக் காட்டப் போகிறார்கள், தொட்டிக்கு அடியில் என்ன சத்தம் என்று சொல்லப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் போனோம். படம் முழுக்க ஒரு வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவள் இத்தனை வருடம் கழித்து முகத்தோடு வந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். ஃபோர்மேன் வேலைக்குப் போகும்போது அவள் உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியபின் சாவியை வாயில் வைத்திருக்க வேண்டும். அவன் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது ஜன்னல் வழியே வாயைத் திறந்து காட்ட வேண்டும். சாவி நாக்கின்மேல் இருக்க வேண்டும். வாயில் சாவி இருந்தால் யாரிடமும் பேச முடியாதில்லையா, அதற்காக.

துரு அவள் பல்லில் ஏறியிருந்தது. வாயோரத்தில் புண். சாப்பிடும்போது அவள் முகம் சுளிப்பதை அருகில் காட்டினார்கள். எனக்கே நாக்கில் இரும்பு ருசி வந்தது.

ஒரு காட்சியில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று அவள் பெயர் என்ன என்று கேட்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லை. குழந்தை மறுபடியும் கேட்கிறது. அவள் கம்பிமேல் விரலால் ஏதோ எழுதிக் காட்டப் பார்க்கிறாள். குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. அப்போதுதான் பக்கத்து நாற்காலி குலுங்கியது.

அதற்கும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், படத்தில் முதல்தடவை அந்த வசனம் வந்தபோது, அரங்கமே எழுந்து கத்தியிருந்தது. "முழுங்கிடு! முழுங்கிடு!" இரண்டாம் தடவை வந்தபோது பாதி வாய்கள் அடங்கின. மீதிப் பாதி கடைசிவரை அடங்கவே இல்லை.

படம் முடிந்ததும் சித்தப்பா நேரே கழிப்பறைக்கு ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. வந்தபோது கண்ணெல்லாம் சிவந்து, மூக்கிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"ச்சீ. என்ன ஜென்மம் பாப்பா அவன். அவனைப் போய் நான் இத்தனை வருஷமா..." என்றார்.

அவர் முதுகைத் தடவிவிட்டேன். அவரை அவ்வளவு பிடித்த நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

வெளியே படிக்கட்டில் ரசிகர் மன்றத்தார் கும்பலாக நின்று பொங்கிக்கொண்டிருந்தார்கள். மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர்.

"காசு குடுத்து அழறதுக்கா வந்தோம்? நம்ம ஃபோர்மேனைப் போய் வில்லனாக்கிட்டானுங்க. சிரிப்பே இல்ல, பம்ப் இல்ல, தொட்டி இல்ல. சமையல்கட்டைக் காமிச்சே மூணு மணி நேரத்தை ஓட்டிட்டான்" என்றார் டாக்டர்.

"அந்தப் பொண்ணு வாயைப் பாத்தீங்களா டாக்டர்? உங்க கிளினிக்குக்கு வந்திருக்கலாம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் சித்தப்பாவின் தோளில் கைபோட்டார். "ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல நீங்கதான் எங்களைக் காப்பாத்தணும் ஃபோர்மேன். இந்தக் கண்றாவியை மறக்கற மாதிரி ஒரு போன் போட்ருங்க."

"நான் இனிமே அந்த வசனத்தைச் சொல்றதா இல்ல டாக்டர்."

"அட! இவரும் அழுதுட்டு வந்திருக்கார்டா!"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"பாப்போம், பாப்போம்" என்றார் டாக்டர், சின்னப் பையனைத் தட்டுவதுபோல அவர் தலையைத் தட்டிவிட்டு.

பேருந்தில் சித்தப்பா என்னை ஒட்டி உட்கார்ந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிரீஸ் ஏறிக் காய்த்த கை. இந்தக் கைக்குச் சொந்தக்காரர் நல்லவர் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சித்தி இளம்பச்சை நிறச் சீருடை ஒன்றுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. நேரே போய் அவள் காலடியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். கதையை முதலிலிருந்து சொன்னார். குழந்தை பெயர் கேட்ட இடம் வந்ததும் அவர் குரல் போய்விட்டது.

"உன்னை என்னென்னவோ சொல்ல வெச்சிருக்கேன். பதினோரு வருஷமா. அத்தனை பேர் முன்னாடி."

சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எழுந்திரிங்க. புடவையெல்லாம் மூக்குச் சளி."

"உனக்கு அசிங்கமா இல்லையா அதைச் சொல்றப்ப?"

"முதல் ரெண்டு வருஷம் எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரல."

"ஏன் சொல்லல என்கிட்ட?"

"சொன்னேன். குளிக்கறப்ப பண்ணாதீங்கன்னு சொன்னேன். தூங்கறப்ப பண்ணாதீங்கன்னு சொன்னேன். ஜுரம் வந்தப்ப சொன்னேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வாங்க வேண்டியதைப் பட்டியல் போடுவதுபோலச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மேடையிலேர்ந்து பண்ணாதீங்க. அது போதும்."

"சத்தியமா பண்ண மாட்டேன்." தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என்னையும் சாட்சிக்கு இழுத்தார். "பாப்பா, நீ கேட்டுக்கோ."

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. சித்தி சீருடையை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். ஆறு மாதப் பயிற்சி ஒன்றை முடித்திருந்தாள், இப்போது ஒரு மருத்துவமனையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டும் பிரிவு. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முதல் ஷிப்டு.

"ரொம்ப சந்தோஷம்" என்று சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ வெளிய போகணும். கண்டிப்பா போகணும். இந்தப் படத்தைப் பாத்ததுக்கப்புறம் நானே உன்னைக் கொண்டுபோய் விடறேன்."

"அங்க போன் கூடாதாம். பூட்டு போட்ட அலமாரியில வெச்சுட்டுத்தான் உள்ள போகணும்."

சித்தப்பாவின் கை முகத்திலேயே நின்றது.

"எவ்வளவு நேரம்?"

"ஷிப்டு முடியற வரைக்கும். எட்டு மணி நேரம்னாலும் எட்டு மணி நேரம்."

"அப்ப நான் குழிக்குள்ள இறங்கறப்ப?"

"இறங்குங்க."

"யார் எடுப்பா?"

"யாரும் எடுக்க வேண்டாம். உங்ககூட வேலை பாக்கறவங்கல்லாம் போன் பண்ணிட்டா இறங்கறாங்க?"

"அவங்களுக்கு ஒன்னும் ஆகாது. எனக்கு அப்படிப் பழகிப் போச்சு. நீ பதில் சொல்லலைன்னா எனக்குக் கால் நடுங்குது, அது உனக்கே தெரியும்." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "போன் வெச்சுக்கற மாதிரி வேற வேலை எதுவும் இல்லையா அந்த ஆஸ்பத்திரியில?"

சித்தி அவரையே பார்த்தாள். "இவ்வளவு நேரம் எதுக்கு அழுதீங்க?"

"ஐயோ, அது வேற, இது வேற. அவன் அவளைப் பூட்டி வெச்சான். நான் உன்னைப் பூட்டியா வெச்சிருக்கேன்?"

சாப்பாட்டில் முடி கடிபட்டால் ஒரு குமட்டல் வருமே, எனக்கு அந்த இடத்தில் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் தடவிவிட்ட முதுகுதான். பொய்யாக அழுத அழுகையும் இல்லை. வாந்தியை நான் என் காதால் கேட்டேன். உண்மையாகவே உருகிய ஒருவர், தன் கன்னத்தில் ஈரம் காய்வதற்குள் இப்படிக் கேட்க முடிகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் சும்மா வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

"ஞாயிறு கூட்டம் முடியட்டும், உக்காந்து பேசலாம்" என்றார்.

"நாலு மணிக்கு ஷிப்டு" என்றாள் சித்தி.

ஞாயிறன்று மதியம் பன்னிரண்டு மணிக்கே அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். மஞ்சள் தொப்பியையும் எடுத்துக்கொண்டார்.

"போட்டோ எடுக்கறதுக்கு மட்டும்தான். மத்தபடி ஒன்னும் கிடையாது" என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். "நீ வரலையா பாப்பா?"

"தலைவலி."

"பத்து வருஷமா ஒரு கூட்டத்தைக்கூட விட்டதில்லையே நீ."

"தலைவலிக்கு அது தெரியல சித்தப்பா."

போகும்போது சித்தியிடம், "பேசலாம்னு சொன்னேன்ல, வந்து பேசலாம், அவசரப்படாதே" என்றார். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று படம் பார்த்த வெள்ளிக்கிழமை சொன்னது அவருக்கு நினைவில்லை.

மூன்று மணிக்குச் சித்தி கிளம்பத் தயாரானாள். முடியை வலைக்குள் அடக்கிக் கொண்டை போட்டாள். வளையலைக் கழற்றினாள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டுமாம். இடது கையை அவளே வெட்டிக்கொண்டாள், வலது கைக்கு என்னைக் கூப்பிட்டாள். சுண்டுவிரலுக்கு வந்தபோது போன் அடித்தது. சித்தப்பாவின் எண்.

அடித்து ஓய்ந்தது. நான் சுண்டுவிரலை வெட்டி முடித்தேன். மறுபடியும் அடித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது மேஜையின்மேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. ஓய்ந்தது.

"ஏதாவது ஆபத்துன்னா?" என்றேன்.

"மேடையில என்ன ஆபத்து?" என்றாள்.

மூன்றாம் தடவை அடித்தபோது அவள் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, தோள்பையில் பொருட்களை எடுத்து வைக்கத் தொடங்கினாள். அறை முழுக்க இரைச்சல் கொட்டியது. முந்நூறு பேர் கை தட்டும் சத்தம், நாற்காலிகள் இழுபடும் சத்தம். டாக்டரின் குரல், "எடுத்துட்டாங்க, எடுத்துட்டாங்க, உஷ்!"

இரைச்சல் அடங்கியது. யாரோ மைக்குக்கு அருகில் மூச்சு விட்டார்கள். அது சித்தப்பாவின் மூச்சு. அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைத்துவிடுங்கள் சித்தப்பா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"கதவைப் பூட்டிட்டியா?" மூக்கால் பேசும் அந்தக் குரல். அச்சு அசல்.

முந்நூறு பேர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். சித்தி மேஜையிடம் குனிந்தாள்.

"பூட்டல. திறந்துதான் இருக்கு. நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க."

கூட்டம் வெடித்தது. எனக்கு முதலில் புரியவில்லை, என்னமோ கலாட்டா என்று நினைத்தேன். சிரிக்கிறார்கள். விசில் அடிக்கிறார்கள். கால்களால் தரையை உதைக்கிறார்கள். அதைப் புது வசனம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டாக்டர் மைக்கைப் பிடுங்கிக் கத்தினார்: "பிரமாதம்! படத்துக்குப் பதிலடி! அம்மாதான்யா நெஜமான கதாசிரியர்!" யாரோ இரண்டு பேர் அதற்குள் கோஷம் போடத் தொடங்கியிருந்தார்கள். "திறந்துதான் இருக்கு! திறந்துதான் இருக்கு!"

அந்தக் கூச்சலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது வசனம் இல்லை என்று தெரியும். அவர் அங்கே மேடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். சித்தியும் காத்திருந்தாள். பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றது மூக்குக் குரல். "சாவியை முழுங்கிடு."

சித்தி ஜிப்பை இழுத்து மூடினாள். போனை நிறுத்திப் பைக்குள் போட்டாள். "மணி என்ன?" என்றாள்.

"மூணு இருபது."

"பஸ் போயிடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனை வரும்வரை சாதாரணமாக நடந்தாள். முனையில் பேருந்தைக் கண்டதும் ஓடினாள்.

சித்தப்பா ஆறரை மணிக்கு வந்தார். கழுத்தில் மஞ்சள் துண்டு, கையில் ஒரு பரிசுக் கோப்பை. வாசலில் நின்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கேட்டியா பாப்பா? இத்தனை வருஷத்துல இந்த மாதிரி கைதட்டல் வந்ததே இல்ல." கோப்பையைத் தொலைக்காட்சிக்கு மேல் வைத்தார், பிறகு எடுத்துக் கீழே வைத்தார். "அவங்க விடலை பாப்பா. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். கேட்டுப் பாரு டாக்டரை. அத்தனை பேரும் எழுந்து நின்னு கேட்டா என்ன பண்றது? நெஜமாவே போயிட்டாளா?"

"போயிட்டாங்க."

போன் போட்டார். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மூன்று தடவை போட்டார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார். மூடி வைத்திருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டார். பசித்தவர் சாப்பிடுவது தப்பில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாய் திறந்து மூடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதே வாய்தானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"பாப்பா" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பதினோரு மாடி ஒன்னு இருக்கு. குழி வேலை. உன் சித்தி தூங்குவா, எழுப்ப வேண்டாம். நீ எடுக்கறியா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன எடுக்கணும்?"

"போனை. ரெண்டு வார்த்தைதானே. நீ கண்டுபிடிச்சதுதானே அது. காலேஜ் சேர்ற வரைக்கும் நீ வீட்டுலதானே இருக்கப் போற."

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்த முதல் ஆள் இவர்தான்.

"மாட்டேன் சித்தப்பா."

"நான் விழுந்து செத்தா உனக்குச் சம்மதமா?"

"மெயின் சுவிட்சை நிறுத்திட்டு இறங்குங்க. வேலை நடக்குதுன்னு பலகையை மாட்டுங்க. ஃபியூஸைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கங்க. நீங்கதானே எல்லாருக்கும் அதைச் சொல்லிக் குடுப்பீங்க?"

அவர் அழ ஆரம்பித்தார். அரங்கத்தில் அழுத அதே அழுகை. அதே மாதிரி தோள் குலுங்கியது, அதே மாதிரி மூக்கு ஒழுகியது. வெள்ளிக்கிழமை அதைக் கேட்டபோது என் நெஞ்சு இளகியது. இப்போது நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். பத்து மணிக்கு என் போன் அடித்தது. எடுக்கவில்லை. சித்தியின் போன் அடித்தது. அவள் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்தாள். மறுபடி வரும் என்று காத்திருந்தேன். பதினொன்றுக்கு வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு எனக்குப் பயம் வந்து, கம்பெனி எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்று மணிக்கு அவரே வந்துவிட்டார். முழங்கைவரை கிரீஸ். சித்தி அப்போது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ தன்னைப் பல வருடமாக ஏமாற்றியிருப்பதை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர்போல அவர் முகம் சிவந்திருந்தது.

"இறங்கினேன்" என்றார். "ஒன்னும் ஆகல."

சித்தி கொண்டையைச் செருகினாள்.

"பதினோரு மாடி. ரெண்டு மணி நேரம் உள்ள இருந்தேன். ஒன்னுமே ஆகலையே!" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார், அதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல.

சித்தி வலையைக் கொண்டைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க, சீருடையில கிரீஸ் பட்டா உள்ள விடமாட்டாங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் சுவரோடு ஒட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் வேலை எப்படி இருந்தது என்று அவர் அவளைக் கேட்கவே இல்லை.